இத்சிங் அடிகளும் கசப்பு வேரும்

சீன தேசத்திலிருந்து தருமத்தைத் தேடிப் பாரத நாட்டிற்கு வந்த யாத்திரிகர்களுள் பாகியான், யுவான் சுவாங், இத்சிங் ஆகிய மூவரையும் நம் சரித்திர நூல்கள் சிறப்பாகக் குறிப்பிடும். எனினும் முன்னவர் இருவருக்கும் கிட்டிய புகழ் மூன்றாமவருக்கு முழுவதும் கிட்டியதாகச் சொல்வதற்கில்லை. பள்ளிப் புத்தகங்கள் இவரை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகின்றன. ஆனால் பிக்குகள் அன்றாடம் எவ்வாறு வாழ்ந்தனர், எதை உண்டனர், எவ்வாறு பல் துலக்கினர், நோயுற்றபோது என்ன செய்தனர் என்பனவற்றை அறிய விரும்புவோர் இவரிடந்தான் வந்தாக வேண்டும். இவருடைய வாழ்வை இங்கே மருத்துவம் என்ற ஒரு துறையை முன்வைத்துச் சொல்லக் கருதுகிறோம். காரணம், இவர் தம் காலத்தில் மேற்றிசை நோக்கிப் புறப்பட்ட 56 பிக்குகளின் வரலாறுகளைத் தொகுத்து ஒரு நூல் எழுதியுள்ளார். அதனைப் படிப்போர் உள்ளம் கலங்கும். ஒருவர் வழியில் காய்ச்சலால் மாண்டார். ஒருவர் கப்பல் கவிழ்ந்து கடலில் மூழ்கினார். ஒருவர் ஊர் திரும்ப ஆயத்தமான வேளையில் நோயுற்று இறந்தார். திரும்பி வந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய இத்சிங், ஏறத்தாழ 25 ஆண்டுகள் அந்நிய நாடுகளில் உயிர் தரித்து, 60 வயதில் நூல்மூட்டைகளோடு தாயகம் சேர்ந்தார். ஆகவே நோயையும் மருந்தையும் பற்றி அவர் எழுதிய பகுதிகள் ஏட்டறிவினால் மட்டும் எழுந்தவை அல்ல.

அவர் பிறந்தது கி.பி. 635-ஆம் ஆண்டில். தாங் வம்சத்து அரசர்கள் சீனத்தை ஆண்ட காலம் அது. குடிப்பெயர் சாங். இளம் பிள்ளையாய் இருக்கும்போதே ஷாண்டுங் பிரதேசத்தில் தை மலையை அடுத்த ஒரு விகாரையில் சேர்க்கப்பட்டார். அங்கே ஷான்யூ, ஹுயிசி என்ற இரு தேரர்கள் அவருக்குத் தந்தையும் தாயும் போல அமைந்தனர். ஷான்யூ தேரர் உலகியல் கலைகளிலும் இலக்கியத்திலும் பெரும் புலமை வாய்ந்தவர். தம் அந்திமம் நெருங்குவதை உணர்ந்த அவர், தாம் அரிதிற் சேர்த்து வைத்திருந்த உலகியல் நூல்களையெல்லாம் கிழித்து, ஊறவைத்துக் கூழாக்கி, விகாரையின் காவற் சிலைகளை வனைவதற்குக் கொடுத்துவிட்டாராம். அவர் மறைந்தபோது இத்சிங்குக்கு வயது 12. இந்த நிகழ்ச்சியை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். இதனை ஒத்த ஒரு காரியத்தைச் சீடரும் பிற்காலத்தில் செய்ய நேர்ந்தது.

20 வயதில் உபசம்பதை பெற்று, ஐந்தாண்டுகள் விநய நூல்களில் ஆழ்ந்தார். பாரத நாட்டிற்குச் செல்ல வேண்டும் என்ற அவா பதின்பருவத்திலேயே தோன்றியது. நிறைவேறியதோ 37-ஆம் வயதில். உடன் வருவதாக வாக்களித்த நண்பர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினர். முதுமை எய்திய ஹுயிசி தேரர் மட்டும் தயங்காமல் விடை கொடுத்தனுப்பினார். கி.பி. 671-ஆம் ஆண்டின் இறுதியில், காண்டன் எனப்படும் குவாங்சௌ துறைமுகத்தில் ஒரு பாரசீக வணிகனின் மரக்கலத்தில் ஏறினார். துணையாக ஷான்சிங் என்னும் இளம்பிக்கு ஒருவரே சென்றார்.

20 நாட்களுக்குள் கப்பல் ஸ்ரீவிஜயத்தை அடைந்தது. அது இன்றைய இந்தோனேசியாவில், சுமாத்திராத் தீவிலுள்ள பாலெம்பாங் நகரம். அங்கே ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். ஷான்சிங்கோ அங்கேயே நோய்வாய்ப்பட்டுத் தாயகம் திரும்ப வேண்டியதாயிற்று. இத்சிங் தனியரானார். மலாயு, கெடா ஆகிய துறைகளில் தங்கி, நிக்கோபார் என்று அறிஞர் கருதும் தீவுகளைக் கடந்து, கி.பி. 673-இல் வங்கக் கரையிலுள்ள தாம்ரலிப்தியில் இறங்கினார். இன்று மேற்கு வங்காளத்தில் தாம்லுக் என வழங்குவது அவ்வூரே. கெடாவிலிருந்து நேரே நம் நாகப்பட்டினத்திற்கு 30 நாள் கடல்வழி உண்டென்றும், அங்கிருந்து இரண்டு நாளில் ஈழத்தை அடையலாமென்றும் வேறொரு பிக்குவின் பயணத்தைச் சொல்லுமிடத்தில் இவர் எழுதியிருக்கிறார். சோழர் காலத்திற்கு முன்னரே நாகையின் பெயரைப் பொறித்து வைத்த இச்சிறு குறிப்புக்காகவே தமிழர் இவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று சொல்லலாம்.

தாம்ரலிப்தியில் மகாயானப் பிரதீபர் என்ற சீன தேரரைச் சந்தித்தார். அவர் யுவான் சுவாங்கின் மாணவர். அவ்வூரிலேயே 12 ஆண்டுகள் வாழ்ந்தவர். அவரிடம் ஓராண்டு வடமொழி கற்றபின், நூற்றுக்கணக்கான வணிகர்களோடு சேர்ந்து இருவரும் மகத நாட்டை நோக்கி நடந்தனர். மகாபோதிக்கு இன்னும் பத்து நாள் தொலைவு இருக்கையில், மலையும் சதுப்பும் நிறைந்த வழியில் இத்சிங்குக்கு அப்பருவத்தில் பரவும் காய்ச்சல் கண்டது. உடல் முற்றும் தளர்ந்துவிட்டது. ஒரு காத தூரம்கூட நடக்க இயலாமல் அடிக்கடி உட்கார்ந்து இளைப்பாறினார். வணிகர் கூட்டம் முன்னே போய்விட்டது. அவர் காட்டில் தனியே பின்தங்கினார்.

மாலைப் பொழுதில் கள்வர் கூட்டம் ஒன்று அவரை வளைத்துக்கொண்டது. மேலாடையைப் பறித்தனர், உள்ளாடையையும் பறித்தனர், அரைக்கச்சையையும் விடவில்லை. வெண்ணிறத்தவர் அகப்பட்டால் அங்குள்ளோர் தெய்வத்திற்குப் பலியிடுவர் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். இனித் தப்பிப் பிழைப்பது அரிது என்று தோன்றியது. காய்ச்சலில் நடுங்கிய நிலையிலும் அறிவு கலங்கவில்லை. ஒரு சேற்றுக் குழியில் இறங்கி உடல் முழுவதும் சேற்றைப் பூசிக்கொண்டார். இலைதழைகளால் மானத்தை மறைத்தார். கோலை ஊன்றி மெல்ல மெல்ல நடந்தார். இரவு இரண்டாம் சாமத்தில், ஊர்ப்புறத்தே நின்று தம் பெயரைக் கூவி அழைக்கும் பிரதீப தேரரின் குரல் காதில் விழுந்தது. தேரர் அளித்த ஆடையை உடுத்து, குளத்தில் சேற்றைக் கழுவி, ஊருக்குள் புகுந்தார். பின்னாளில் இதனை எழுதும்போது தம் துன்பத்தை அவர் பெரிதுபடுத்தவில்லை. பிரதீபர் பிற்காலத்தில் குசிநகரத்தில் 60 வயது கடந்து மறைந்தார், சீனம் திரும்பவில்லை.

புனிதத் தலங்களை வணங்கியபின் நாளந்தா மகாவிகாரையை அடைந்து, ஏறக்குறைய பத்தாண்டுகள் அங்கே கற்றார். ஐவகை வித்தைகளுள் ஒன்று சிகிச்சா வித்தை. அதன் எட்டு உறுப்புகளையும் அவர் வரிசையாக எடுத்துரைக்கிறார்: புண்களுக்கு மருத்துவம், தலைநோய்க்கு மருத்துவம், உடல் நோய், பூத பீடை, நஞ்சுமுறி, குழந்தை மருத்துவம், நீண்ட ஆயுள், உடல் வலிமை. இவ்வெட்டையும் அண்மையில் ஒருவர் சுருக்கி ஒரே நூலாக ஆக்கியதாகவும், பாரதத்தின் ஐந்து பிரிவுகளிலும் வைத்தியர்கள் அதனையே பின்பற்றுவதாகவும், அதில் வல்லார்க்கு அரசாங்கம் சம்பளம் தருவதாகவும் சொல்கிறார். அந்நூலாசிரியர் வாக்பட்டர் என்பார் உளர். வேறு கருதுவாரும் உளர்.

இந்த வைத்திய வித்தையை இத்சிங்கும் பெருமுயற்சியோடு பயின்றார். பயின்ற பின் கைவிட்டார். அது துறவிக்குரிய முறையான தொழில் அன்று என்பதே அவர் கூறும் காரணம். ஷான்யூ தேரர் நூல்களைக் கூழாக்கிய நிகழ்ச்சி இங்கே நமக்கு நினைவு வருகிறது. ஆயின் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. மாணவர் வைத்தியராகும் எண்ணத்தைத்தான் விட்டார், கற்றதை அழித்துவிடவில்லை. கையிற் காசில்லாத பிக்குவும் வழிப்போக்கனும் தமக்குத் தாமே செய்துகொள்ளக்கூடிய எளிய முறைகளைத் தேர்ந்தெடுத்து, மூன்று அத்தியாயங்களில் எழுதி வைத்தார். சீனத்திலுள்ள பிக்குகளுக்கென அவர் ஸ்ரீவிஜயத்திலிருந்து எழுதிய, 40 அத்தியாயங்கள் கொண்ட நூலில் அவை 27 முதல் 29 வரை அமைந்துள்ளன.

உடலில் நான்கு பூதங்களும் நிலை பிறழ்வதே நோய். மிகையான உணவும் மிகையான உழைப்புமே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்பது அவர் கற்ற கொள்கை. ஆகவே முதல் மருந்து பட்டினி. மேற்கே லாட தேசத்தில், அதாவது இன்றைய தென் குஜராத்தில், நோயாளிகள் அரை மாதமோ ஒரு மாதமோகூட உணவின்றி இருப்பார்களாம். மத்திய தேசத்தில் மிகுதியாகப் போனால் ஏழு நாள். தென்கடல் தீவுகளில் இரண்டு மூன்று நாள். ஒரே சிகிச்சையை நாட்டுக்கு நாடு நீட்டியும் குறைத்தும் கையாளுவதை அவர் கண்டு குறித்திருக்கிறார். உண்டது செரியாதபோது வெந்நீரை நிறையக் குடித்து வாந்தி செய்வதையும், சுக்கு வெந்நீரையும் பாராட்டுகிறார். ஒரு மாதம் பட்டினி கிடக்கும் அச்சிகிச்சையை இக்காலத்தில் எவரும் துணிந்து மேற்கொள்ளாதிருப்பதே நல்லது என்று நாம் கருதுகிறோம்.

இனிக் கசப்பு வேருக்கு வருவோம். காய்ச்சல் கண்டவர்கள் இவ்வேரை நன்றாகக் காய்ச்சிக் கஷாயமாகப் பருகுவது நலம் என்றும், தேயிலை நீரும் நல்லதே என்றும் இத்சிங் எழுதுகிறார். தாயகத்தை விட்டு 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் இவற்றைக் கொண்டே உடலைப் பேணி வந்ததால் தமக்குப் பெரிதாக வேறு நோய் வரவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். மகதத்துக் காட்டு வழியில் அவர் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இவ்வாக்கியம் சிறிது நகையை விளைவிக்கிறது. யாத்திரிகர் பலரின் மரணத்தை எழுதிய கை, தம் காய்ச்சலை ஒரு நோயாகக் கணக்கிடவில்லை போலும்.

இவ்வேருக்குச் சீன மொழியில் கூ-ஷென் என்று பெயர். கூ என்றால் கசப்பு. ஷென் என்ற ஈற்றுச் சொல் ஜின்செங் வேரின் சீனப் பெயரிலும் வருவதால் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் உண்டு. இரண்டும் முற்றிலும் வேறானவை. ஜின்செங் விலையுயர்ந்தது, உடலுக்கு ஊக்கம் தரும் மருந்தாகப் போற்றப்படுவது. கூ-ஷென்னோ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குறுஞ்செடியின் வேர். ஆளுயரம் வளரும், சிறகு போன்ற கூட்டிலைகளும் வெளிறிய மஞ்சட் பூக்களும் உடையது. வேரை அரிந்தால் உள்ளே மஞ்சள் நிறம் தோன்றும். நாவில் வைத்தால் கசப்பு நெடுநேரம் நீங்காது. சீனத்தின் மிகப் பழைய மருந்து நூலாகிய ஷென்னோங் நிகண்டிலேயே இது இடம்பெற்றுள்ளது. கசப்பும் குளிர்ச்சியும் இதன் குணங்கள். உடலின் வெப்பத்தைத் தணித்து ஈரத்தை உலர்த்தும். பூச்சிகளைக் கொல்லும் என்பர். சீதபேதி, காமாலை ஆகியவற்றுக்கு உள்மருந்தாகவும், சொறி சிரங்கு அரிப்பு முதலியவற்றுக்குக் கழுவுநீராகவும் இதனைப் பயன்படுத்துவர். இதன் கசப்புக்குக் காரணமான மாட்ரின் முதலிய காரச் சத்துக்களைத் தற்கால இரசாயன நூலார் பிரித்தெடுத்து ஆராய்ந்துள்ளனர்.

பல்வலிக்கும் இது பழைய மருந்து. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன்யூ யீ என்ற வைத்தியர், சொத்தைப் பல்லால் வருந்திய அதிகாரி ஒருவருக்கு இக்கஷாயத்தை நாள்தோறும் வாய் கொப்புளிக்கக் கொடுத்து ஐந்தாறு நாளில் குணப்படுத்தியதாகச் சீனப் பெருஞ்சரித்திரம் கூறுகிறது. உண்ட பின் வாய் கொப்புளிக்காததும் அந்நோய்க்கு ஒரு காரணம் என்று அவர் அன்றே கண்டறிந்திருக்கிறார். இத்சிங்கின் காலத்திற்குப் பின், 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷென் குவோ என்ற பேரறிஞரின் அனுபவம் இதற்கு மாறானது. அவர் பல்நோய்க்காகக் கசப்பு வேரைக் கொண்டு பல ஆண்டுகள் பல் துலக்கி வந்தார். இடுப்பில் பாரமும் வலியும் கண்டு, உட்கார்ந்து எழுந்தால் பத்தடி தடுமாறிய பின்னரே நடக்க முடிந்தது. படைவீரர் ஒருவர் காரணத்தைச் சுட்டிக் காட்ட, வேரை நிறுத்தியதும் வலி நீங்கிற்றாம். மருந்து நூல்களில் இல்லாத இத்தீங்கை அவர் பிறர் பொருட்டு எழுதி வைத்தார். இன்றைய சீன அரசாங்க மருந்து நூலும் நாளொன்றுக்கு 4.5 முதல் 9 கிராம் வரை என்றே இவ்வேருக்கு அளவு வகுத்துள்ளது. ஆகவே நம் அன்பர்கள் எவரேனும் இக்கட்டுரையைப் படித்துவிட்டு வேரைத் தேடிப் புறப்பட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

பல்லைப் பொறுத்தவரை இத்சிங் இவ்வேரை நாடவில்லை. பாரத நாட்டுப் பற்குச்சியையே வியந்து போற்றினார். 12 விரற்கடை நீளமும் சுண்டு விரற் பருமனும் உள்ள குச்சி. கைப்பும் துவர்ப்பும் காரமும் உள்ள மரமே சிறந்தது. மென்று தூரிகை போலாக்கித் தேய்க்க வேண்டும். பாரத நாட்டில் பல்வலி என்பதே இல்லை என்றும், அதற்குக் காரணம் இக்குச்சியே என்றும் எழுதிவிட்டார். இது சற்று மிகையான புகழ்ச்சியே.

மருந்துகளைப் பற்றிய அவர் பேச்சில் நம்மைக் கவர்வது அதன் நடுநிலை. வேர்களும் தண்டுகளுமாகச் சீனத்தில் 400-க்கு மேற்பட்ட மருந்துகள் உண்டு. ஊசி குத்தும் சிகிச்சையிலும் நாடி பார்ப்பதிலும் சீனத்தை வெல்லும் நாடு சம்புத் தீவில் இல்லை என்று பெருமை பாராட்டுகிறார். அடுத்த நொடியிலேயே, ஜின்செங் முதலான சீனத்து உயர்ந்த மருந்துகள் பாரதத்தில் கிடைப்பதில்லை, ஆனால் கடுக்காய் இங்கே நிறைந்து கிடக்கிறது, மேற்கே பெருங்காயம் மிகுதி, ஏலமும் கிராம்பும் தென்கடல் நாடுகளில் விளைகின்றன என்று விவரிக்கிறார். எந்த நாட்டில் எது கிட்டுமோ அதனைக் கொண்டு உடலைக் காத்துக்கொள்ள வேண்டியவன் யாத்திரிகன் அல்லவா? நாள்தோறும் ஒரு கடுக்காயை மென்று சாற்றை விழுங்குபவனுக்கு வாழ்நாள் முழுதும் நோயில்லை என்று அவர் எழுதியதைக் கண்டால் நம் நாட்டுப் பாட்டிமார் மகிழ்வர்.

அவர் தரும் உருண்டை ஒன்றின் செய்முறையையும் சொல்லிவிடுகிறோம். கடுக்காய்த் தோல், சுக்கு, சர்க்கரை மூன்றும் சம எடை. முதலிரண்டையும் இடித்துப் பொடியாக்கி, சிறிது நீரில் சர்க்கரையைக் கரைத்துக் கூட்டி இடித்து உருண்டை பிடிக்க வேண்டும். காலையில் சுமார் பத்து உருண்டை, பத்தியம் கிடையாது. வயிற்றுப்போக்கு இரண்டு மூன்று வேளையில் நிற்கும்; வாயு நீங்கும்; உணவு செரிக்கும் என்கிறார். சர்க்கரை கிட்டாவிடில் தேனும் ஆகும். தேடிப் பெறுதற்கு அரிய சரக்கு எதுவும் இதில் இல்லை என்பதை அவர் மறவாமல் குறிப்பிடுகிறார்.

இவ்வளவு அமைதியாக எழுதுபவர் ஓரிடத்தில் மட்டும் சினங்கொள்கிறார். அக்காலச் சீனத்தில் மலமூத்திரங்களையும், பன்றி பூனை முதலியவற்றின் சாணத்தையும் சாடிகளில் ஊறவைத்து, நாக பானம் என்ற அழகிய பெயரிட்டுக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. எறியப்பட்ட பொருளே பிக்குவுக்கு மருந்து என்னும் விநய வாக்கை இதற்கு ஆதாரமாகக் காட்டுவோரும் இருந்தனர். சிக்கனமாக வாழ்க என்பதே அவ்விதியின் கருத்து. நல்ல மருந்தை அது தடுக்கவில்லை. பாரதத்தில் எவரும் இவ்வருவருப்பைச் செய்வதில்லை. அயல்நாட்டார் கேட்டால் சீனத்தின் நாகரிகத்தையே ஐயுறுவர் என்று வன்மையாக மறுக்கிறார். காய்ச்சலில் கிடக்கும் ஏழை ஒருவன் வாயில், விநயத்தின் பெயரால், பிறர் அசுத்தத்தை ஊற்றுவதை அவர் நெஞ்சம் பொறுக்கவில்லை.

கி.பி. 685-இல் நாளந்தாவை விட்டுப் புறப்பட்டார். தாம்ரலிப்திக்கு வரும் வழியில் மீண்டும் கள்வர். இம்முறை வாளுக்குத் தப்பினார். ஐந்து லட்சம் சுலோகங்கள் அடங்கிய சுவடிகளோடு ஸ்ரீவிஜயம் சேர்ந்து, அங்கேயே அமர்ந்து மொழிபெயர்க்கலானார். கி.பி. 689-இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. காகிதமும் மையும் எழுத்தர்களும் வேண்டுமெனக் குவாங்சௌவுக்குக் கடிதம் அனுப்பக் கப்பலில் ஏறினார். அவ்வேளையில் சாதகமான காற்று வீசவே மாலுமிகள் பாய் விரித்துவிட்டனர். இறங்க வழியில்லை. சுவடிகள் ஸ்ரீவிஜயத்தில், தாம் மட்டும் சீனத்தில்! சில மாதங்களில் ஜெங்கு முதலிய நான்கு துணைவர்களைச் சேர்த்துக்கொண்டு திரும்ப வந்தார். கி.பி. 692-இல் தம் நூல்களைத் தாசின் என்ற பிக்குவின் கையில் முன்னதாக அனுப்பினார். கசப்பு வேரைப் பற்றிய குறிப்பு இவ்வாறே சீனம் சென்றது.

கி.பி. 695-இல் அவர் லோயாங் நகரை அடைந்தபோது, பேரரசி வூ கிழக்கு வாயிலுக்கு வெளியே வந்து தாமே வரவேற்றார். ஏறத்தாழ 400 நூல்களும் 300 தாதுக்களும் அவரோடு வந்தன. எஞ்சிய 18 ஆண்டுகளும் மொழிபெயர்ப்பிலேயே கழிந்தன. மூலசர்வாஸ்திவாத விநயம் அவற்றுள் தலையாயது. எனினும் மருந்து அவரை விட்டு அகலவில்லை. கி.பி. 703-இல் அவர் முடித்த சுவர்ணப்பிரபாச சூத்திரத்தில், தந்தையிடம் வைத்தியம் கற்று நாடெங்கும் நோயாளிகளைக் குணப்படுத்திய ஜலவாகனன் கதை வருகிறது. கி.பி. 707-இல் பைஷஜ்ய குரு சூத்திரத்தை மொழிபெயர்த்தார். கி.பி. 710-இல், முதுமையிலும் ஓயாமல், மூலநோய் நீங்குவதற்கான ஒரு சின்னஞ்சிறு சூத்திரத்தையும் சீனமாக்கினார்.

கி.பி. 713-இல் சாங்-ஆன் நகரத்து ஜியான்ஃபூ விகாரையின் மொழிபெயர்ப்பு மண்டபத்தில் அவர் காலமானார்; சீனக் கணக்கின்படி வயது 79. அவ்விகாரையில் அக்காலத்தில் எழுப்பப்பட்ட சிறு வாத்துத் தூபி இன்றும் ஷியான் நகரில் நிற்கிறது.